நாலரை மணி வெந்நீர்: அம்மாவோடு கொல்கத்தாவில்

திங்கள், ரயிலில்

காலை 7 மணிக்குச் சென்னை சென்ட்ரலில் ஏறிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கோதாவரியைத் தாண்டிவிட்டது. பாலம் முடிகிற வரை அம்மா கண்ணாடி ஜன்னலோடு நெற்றியை ஒட்டி வைத்து, கை கூப்பியபடியே இருந்தார். நாளை முற்பகலில் ஷாலிமார் நிலையம்.

அம்மாவுக்கு 71 வயது. ராமகிருஷ்ண மடத்துத் தமிழ் மாத இதழை நாற்பது வருடமாகச் சந்தா கட்டி வாங்குகிறவர். தட்சிணேசுவரத்தில் எத்தனை சிவன் சன்னிதி, பரமஹம்சர் இருந்த அறை கோயிலின் எந்த மூலை என்பதெல்லாம் போய்ப் பார்க்காமலே தெரியும். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் கூட்டிப்போய்விட்டேன். கல்கத்தா மட்டும் (அம்மாவுக்கு அது இன்றும் கல்கத்தாதான்) ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. போன தீபாவளிக்கு மூட்டு வலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர், "இனிமே தள்ளிப்போட்டா நான் படத்துலதான் பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகு தள்ளிப்போடவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டேன்.

டிக்கெட் ஐந்து நிமிட வேலை. ஹோட்டல் தேட மூன்று வாரம் ஆயிற்று. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்களுக்கு ஊரைவிட அறைதான் பெரிய கவலை. அதனால் இந்த முறை ஊரைப் பற்றி எழுதுவதோடு அறையைப் பற்றியும் விரிவாகவே எழுதப்போகிறேன்.

நாங்கள் போகிற தேதிகளுக்குப் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் பேர் பெற்ற ஹோட்டல்கள் 6,000 ரூபாய்க்கு மேல் காட்டின. 1,200 ரூபாய்க்கு விருந்தினர் விடுதிகளும் இருந்தன, ஆனால் மூன்றாம் மாடி, படிக்கட்டுதான். எனக்கு வேண்டியது நடுவில். ஒரு இரவுக்கு 3,000 ரூபாய்க்குள், லிஃப்ட், மேற்கத்திய கழிப்பறை, மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரம், காலையில் சைவச் சாப்பாடு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கொல்கத்தாவில் அறை விலை ஏறிவிடும். சங்கராந்திக்குக் கங்காசாகர் போகிற யாத்ரீகர் கூட்டம் ஊருக்குள் நிறைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற இந்த ஒரு வாரத்தை அதற்காகத்தான் பிடித்தேன்.

நான் தேடும் விதத்தைச் சொல்கிறேன். ஹோட்டல்காரர் போட்ட படங்களை நான் பார்ப்பதே இல்லை. தங்கியவர்கள் எடுத்த படங்களில் குளியலறைப் படம் இருக்கிறதா என்று தேடுவேன். ஆகா ஓகோ என்று எழுதியவர்களையும் திட்டித் தீர்த்தவர்களையும் தள்ளிவிட்டு, ஐந்துக்கு மூன்று போட்டவர்கள் எழுதியதை நிதானமாகப் படிப்பேன். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். கடைசியில் நேரடியாகத் தொலைபேசியில் கூப்பிடுவேன். செயலியில் 2,950 காட்டிய அறையை, நேரில் பேசியதும் காலைச் சாப்பாட்டோடு 2,600 என்றார்கள். லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே கிளம்புகிறதா, இல்லை பத்துப் படி ஏறிப் போய்ப் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன். பழைய கட்டடங்களில் இது முக்கியமான கேள்வி. தரையிலிருந்தே என்றார்கள். வெந்நீர்? "இருபத்து நான்கு மணி நேரமும், சார்."

இது மார்கழி. அம்மா மார்கழியில் முப்பது நாளும் விடிகாலை நாலரைக்குத் தலைக்குக் குளித்து, பாசுரம் சொல்லிவிட்டுத்தான் வாயில் காப்பி படுவார். எனக்கு நினைவு தெரிந்து ஒரு வருடமும் தவறியதில்லை. அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

செவ்வாய், முதல் நாள்

ஷாலிமார் நிலையம் ஹவுரா பக்கம் இருக்கிறது. ஆற்றைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். வாடகைக் கார் வித்யாசாகர் சேதுவில் ஏறியது. 1992இல் திறந்த கம்பிவடப் பாலம். மேலேயிருந்து பார்த்தால் ஹூக்ளி அகன்று, மங்கலாக, பனிமூட்டத்துக்குள் கிடந்தது. "இதுவும் கங்கைதானேப்பா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றதும் மறுபடி கை கூப்பல்.

ஹோட்டல் தெற்குக் கொல்கத்தாவில், ராஷ்பிகாரி சந்திப்புக்கு அருகே ஒரு குறுக்குத் தெருவில். காளிகாட் மெட்ரோவிலிருந்து அம்மாவின் நடைக்கு ஏழு நிமிடம். ஒரு காலத்தில் யாரோ வசித்த பெரிய வீடு. சிவப்பு சிமென்ட் தரை, பச்சை வர்ணம் அடித்த மரச்சட்டத் தடுப்பு ஜன்னல்கள், இழுத்துச் சாத்துகிற இரும்புக் கிராதிக் கதவோடு பழைய லிஃப்ட். லிஃப்ட் தரையிலிருந்தே கிளம்பியது. எனக்குப் பாதி நிம்மதி.

முதலில் கொடுத்த அறை சாலையைப் பார்த்தது. ஜன்னலைச் சாத்தினாலும் பேருந்துகளின் ஹாரன் உள்ளே வந்தது. அதைவிட, குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு படி. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அம்மா தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? பெட்டிகளை உள்ளே வைக்காமல் அப்படியே கீழே போய், வேறு அறை காட்டச் சொன்னேன். மேலாளர் முகம் கோணவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தானே கூட வந்து மூன்று அறைகளைத் திறந்து காட்டினார். பின்பக்கத்து அறை பிடித்துப் போயிற்று. கொஞ்சம் சிறியது, ஆனால் குளியலறைத் தரை அறைத் தரையோடு சமம், கழிப்பறைக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மொட்டை மாடி. வாளியும் குவளையும் இருந்தன. ஷவர் மட்டும் வைத்துவிட்டு வாளி வைக்காத ஹோட்டல்கள் பெருகிவிட்ட காலத்தில், அம்மா முதலில் சந்தோஷப்பட்டது அந்த நீல வாளியைப் பார்த்துத்தான்.

அறையைப் பார்க்காமல் பெட்டியை உள்ளே வைக்காதீர்கள். வைத்துவிட்டால் நமக்கே மாற்றிக் கேட்க மனம் வராது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு முன்பு 12 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். எங்கள் 2,600 ரூபாய் அறைக்கு 130 ரூபாய் வரி. பழைய கணக்கென்றால் 312. நான்கு இரவுக்குப் பார்த்தால் 728 ரூபாய் மிச்சம், இந்த ஊரில் இருவர் இரண்டு நாள் சாப்பிடலாம். ரசீதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் லேக் மார்க்கெட் வரை மெதுவாக நடந்தோம். கணக்கு எழுதவும் தட்டச்சு செய்யவும் அந்தக் காலத்தில் ரயில் ஏறி வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பகுதி. வாழைப்பூ, முருங்கைக்காய், கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை, நறுக்கிய வாழை இலை. அம்மா ஒரு முருங்கைக்காயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்ப வைத்தார். அருகிலேயே இட்லியும் பில்டர் காப்பியும் கிடைத்தன. ஒரு நாளுக்கு மேல் ரயிலில் சோர்ந்திருந்த முகம் தெளிந்தது.

திரும்பி வந்து, காலை நாலரைக்கு வெந்நீர் வருமா என்று கீழே கேட்டபோதுதான் சிக்கல். பாய்லரை ஆறு மணிக்குத்தான் பற்ற வைப்பார்களாம். காலை ஆறிலிருந்து பத்து, மாலை ஆறிலிருந்து பத்து. மற்ற நேரத்தில் சமையலறையில் சொன்னால் வாளியில் கொண்டு வருவார்கள், ஆனால் விடிகாலையில் சமையலறை பூட்டியிருக்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொலைபேசியில் அப்படிச் சொல்லவில்லையே என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். மேலாளர் சாக்குச் சொல்லவில்லை. "சொன்னது தப்பு. எங்கள் பையன் சொல்லியிருப்பான், ஆனால் தப்பு எங்களுடையது" என்றார். பிறகு ஏன் நாலரை என்று கேட்டார். மார்கழியைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி இரவுக் காவலாளியைக் கூப்பிட்டார்.

பீகாரில் தர்பங்கா பக்கத்து மனிதர், அறுபதைத் தொட்ட வயது. விஷயத்தைக் கேட்டதும் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பின்கட்டில் டீ போட ஒரு சின்ன அடுப்பு வைத்திருக்கிறாராம். நான்கே காலுக்குக் கதவைத் தட்டட்டுமா, மாஜி?

புதன், இரண்டாம் நாள்

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டு தட்டு. ஒன்று மெதுவாக, இன்னொன்று அதைவிட மெதுவாக. பக்கத்து அறைக்காரர்கள் எழுந்துவிடக் கூடாதென்று. கதவைத் திறந்தால் ஆவி பறக்கிற வாளி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. மனிதர் அதற்குள் படியிறங்கிவிட்டார். வெளியே 12 டிகிரி என்று கைப்பேசி காட்டியது. பச்சைத் தண்ணீர்க் குழாயில் விரலை வைத்துப் பார்த்தேன், சுரீரென்றது. அம்மா குளித்துவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாசுரத்தைத் தணிந்த குரலில் சொன்னார். நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் கேட்டது போலவே இருந்தது.

காலைச் சாப்பாட்டுக் கவலை வேறு விதம். வங்காளத்தில் மீன் இல்லாத சமையலறை எங்கே இருக்கும் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பையனிடம் "வெஜிடேரியன்" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்து, "நிராமிஷ், மாஷிமா?" என்றான். மாஷிமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள், நம் சித்தி பெரியம்மா மாதிரி. நிராமிஷ் என்பது இங்கே வெறும் சைவம் இல்லை. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத சமையல். பூஜை நாட்களில் வீட்டில் சமைப்பதும், அந்தக் காலத்து விதவைகள் சமைத்துச் சாப்பிட்டதும் அதுதான். இஞ்சியும் சீரகமும் பெருங்காயமும் வைத்தே ஒரு முழுச் சமையல் முறையை வளர்த்து வைத்திருக்கிறார்கள். தனிச் சட்டி இருக்கிறது என்று பையன் சமையலறை வரை கூட்டிப்போய்க் காட்டினான். வெள்ளை வெளேரென்று உப்பிய லூச்சி (மைதா பூரி), உருளைக்கிழங்கு ஆலூர் தம். அம்மா நான்கு சாப்பிட்டார். வெளியூரில் அவர் காலையில் நான்கு எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வங்காளம் வருகிறவர்கள் "நிராமிஷ்" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு வாருங்கள். அதற்கு மேல் விளக்கவே வேண்டாம்.

காளிகாட்டிலிருந்து தட்சிணேசுவரத்துக்கு மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம். தலைக்கு 25 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ இது, 1984இல் ஓட ஆரம்பித்தது. ஹோட்டலுக்கு நான் மெட்ரோ அருகே இடம் தேடியதன் பலன் இன்று கிடைத்தது. சாலையில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் அம்மாவின் முழங்கால் மடங்கிக் கிடந்திருக்கும். இறங்கியதும் கோயில் வரை ஆகாய நடைபாதை, 2018இல் கட்டியது. ஏறுவதற்கு நகரும் படி உண்டு.

ராணி ராஸ்மணி 1855இல் கட்டிய கோயில். ஒன்பது கோபுரத்தோடு பவதாரிணி என்கிற காளி சன்னிதி, ஆற்றங்கரையில் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னிதிகள். கைப்பேசியும் பையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது நல்லதாகவே இருந்தது. அம்மா வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். அம்பாளைப் பார்த்தார், பரமஹம்சரின் கட்டிலைப் பார்த்தார், எல்லாம் படித்தபடியே இருக்கிறது என்பது போல் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

நகபத் என்கிற நாதசுவர மண்டபத்துக்கு வந்ததும்தான் நின்றுவிட்டார். அதன் கீழ்த்தளத்தில் எண்கோண வடிவில் ஒரு சின்ன அறை. குனிந்துதான் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். பரமஹம்சரின் துணைவியார் அன்னை சாரதா தேவி வருடக்கணக்காக இருந்த அறை அது. மளிகைச் சாமான், பானை, சட்டி, வந்து தங்குகிற பெண்கள் எல்லாம் அதற்குள்ளேதான். யாரும் எழுவதற்கு முன் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் படித்துறைக்குப் போய்க் கங்கையில் குளித்துவிட்டு வருவாராம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு வாசல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இவ்வளவு சின்ன இடத்துலயா இருந்தாங்க. படிக்கும்போது பெருசா நெனச்சுக்கிட்டேன்பா."

பின்னால் நெருக்கினார்கள், நகர வேண்டியிருந்தது. மதியம் பேலூரில் நடை சாத்தியிருக்கும் என்பதால் கரையிலேயே நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, படகில் ஆற்றைக் கடந்து, ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம் போனோம். 1938இல் குடமுழுக்கான பெரிய கோயில். மாலை ஆரத்தியில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடியபோது அம்மா கண்ணை மூடியிருந்தார். நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கார். படகுத்துறைப் படிகள் அம்மாவின் முழங்காலை வாங்கிவிட்டன.

வியாழன், மூன்றாம் நாள்

இன்று எங்கும் போகவில்லை. இருந்தாலும் இதுவரை எழுதியதில் இதைத்தான் நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

விடிகாலை இரண்டு தட்டு, வாளி. அம்மா சுவரைப் பிடித்தபடி போய்க் குளித்தார், பாசுரம் சொன்னார். அதற்குப் பிறகு எழ முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. விக்டோரியா நினைவிடம், அருங்காட்சியகம் என்று போட்டிருந்த திட்டம் எல்லாம் போயிற்று. அம்மாவுக்கு வலியைவிட என் திட்டம் கெட்டதே பெரிய வருத்தம். "நீயாவது போயிட்டு வாப்பா" என்று பத்து முறை சொல்லியிருப்பார். நான் போகவில்லை.

ஊர் சுற்றுகிற நாளில் எந்த அறையும் போதும், படுத்து எழுந்தால் சரி. வெளியே போக முடியாமல் ஒரு பகல் முழுக்க உள்ளேயே கிடக்கும்போதுதான் கொடுத்த காசுக்கு என்ன வாங்கினோம் என்பது தெரிகிறது. அறையில் வெயில் வந்தது. பின்பக்கத்து அறை தெற்கு பார்த்தது போலும், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கட்டில் மேல் வெயில் விழுந்து நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மாவின் காலை அந்த வெயிலில் நீட்டி வைத்தோம். மெத்தை பஞ்சு மெத்தை, கெட்டியாக. நுரை மெத்தையாக இருந்தால் எழும்போது இடுப்பு பிடித்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அம்மாள் ரஜாய் போர்வைகளை உலர்த்தினார், ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தார், தலையைக் காயவைத்தபடி கீரை ஆய்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் அந்த அம்மாள் ஜாடியைத் தூக்கிக் காட்டி, இலந்தைப்பழ ஊறுகாய் என்று சைகையில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

மேசை துடைத்த அந்தப் பையன்தான் பதினோரு மணிக்கு அறை கூட்ட வந்தான். அம்மாவின் காலைப் பார்த்தான். துடைப்பத்தை வைத்துவிட்டுக் கீழே ஓடினான். கால் மணி நேரத்தில் மேலாளர் வந்து, அடுத்த தெருவில் உட்காருகிற டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், அவர் தன் வேலை முடிந்து போகும் வழியில் வந்து பார்ப்பார் என்றும் சொன்னார். வந்தார். எலும்பில் ஒன்றுமில்லை, படிகள் ஏறி இறங்கியதால் வந்த வீக்கம், ஒரு நாள் ஓய்வு, களிம்பு, மாத்திரை. ரொம்பவும் மரியாதையாகப் பேசினார்.

மதியம் அம்மா எதுவும் வேண்டாம் என்றார். பையன் விடவில்லை. அரை மணியில் ஒரு தட்டை மூடி எடுத்து வந்தான். நிராமிஷ் கிச்சுரி. பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, கோபிந்தோபோக் என்கிற குட்டை அரிசியோடு வேகவைத்து, இஞ்சி, சீரகம், நெய். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மார்கழி மாசத்துல எனக்குப் பொங்கல் குடுக்கறான்பா."

மிளகு இல்லை, மற்றபடி வெண்பொங்கலின் சொந்தக்காரன்தான். தட்டில் மிச்சமில்லை. பையனை உட்கார வைத்து (உட்கார மாட்டேன் என்று வாசலில் சாய்ந்து நின்றான்) ஊரைப் பற்றிக் கேட்டோம். ஜயநகர் பக்கத்துக் கிராமம். அங்கேதான் மோவா செய்கிறார்கள், நோலேன் குர் வெல்லத்தில் நெல் பொரியைச் சேர்த்துப் பிடித்த உருண்டை. 2015இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அவனுடைய மாமா பேரீச்ச மரம் சீவுகிறவர். குளிர்காலத்தில் மட்டும்தான் அந்தச் சாறு இறங்கும். சாயங்காலம் மரத்தைச் சீவிப் பானையைக் கட்டிவிட்டு, விடிவதற்கு முன் ஏறி இறக்கிவிட வேண்டும். வெயில் பட்டால் புளித்துவிடும். அதைக் காய்ச்சியதுதான் நோலேன் குர், வட்டமாக வார்த்து உறைய வைத்தால் பாட்டாலி. "மாமாவும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார், மாஷிமா" என்றான். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த மாமாவை ரொம்ப நாள் தெரிந்தவர் போல, "குளிர்ல மரம் ஏறணுமே, பாவம்" என்றார்.

நாளை ஊருக்குப் போய்த் திரும்புகிறானாம். இரண்டு கிலோ பாட்டாலி வாங்கிவரக் காசு கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்கு நம் வீட்டுப் பானையில் இந்த வெல்லம்.

வெள்ளி, நான்காம் நாள்

வீக்கம் வடிந்துவிட்டது. வாளி வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை, அம்மாவே எழுந்து வாங்கியிருக்கிறார். இருவரும் ஆளுக்கு ஒரு மொழியில் ஏதோ பேசிக்கொண்டது மட்டும் தூக்கத்தில் காதில் விழுந்தது.

படி ஏறாமல் என்ன பார்க்கலாம் என்று யோசித்து, ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோவைத் தேர்ந்தெடுத்தோம். எஸ்பிளனேடில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் ஹவுரா. 2024 மார்ச்சில் திறந்த பாதை. ஆற்றின் கீழே 520 மீட்டர், முக்கால் நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு வைத்திருக்கிறார்கள். கங்கைக்குக் கீழே போகிறோம் என்றதும் அம்மா கால்களைச் செருப்பிலிருந்து எடுத்து இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே கங்கை ஓடும்போது செருப்பு போட்டிருக்க அவருக்கு மனமில்லை.

ஹவுரா பாலத்தைக் கரையிலிருந்து பார்த்தோம். 1943இலிருந்து நிற்கிறது. திருகாணி இல்லாமல், முழுக்கக் கடாவு ஆணி (ரிவெட்) அடித்தே கோத்த பாலம். ஆற்றுக்குள் தூண் ஒன்றுகூடக் கிடையாது. கீழே மல்லிக் காட் பூச்சந்தையில் சாமந்தி மாலைகளைப் பாம்பு போலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கூட்டத்துக்குள் நுழையவில்லை. விக்டோரியா நினைவிடத்தை மஞ்சள் அம்பாசடர் டாக்சியில் உட்கார்ந்தபடி ஒரு சுற்று. 2014இலேயே அந்தக் கார் தயாரிப்பு நின்றுவிட்டது. ஓடுகிற டாக்சிகளும் வயது வரம்பால் வருடா வருடம் குறைகின்றன. அம்மாவுக்கு அந்த உயரமான இருக்கை வசதியாக இருந்தது. ஏறி இறங்க முழங்கால் மடங்க வேண்டியதில்லை.

அறைக்கு மூன்று மணிக்கே திரும்பிவிட்டோம். மிச்ச வெயிலை வீணாக்கக் கூடாதென்று அம்மாதான் அவசரப்படுத்தினார்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். வைஃபை அறைக்குள் வரவில்லை, நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கிறது. இதை எழுதுவதும் அங்கேதான். கொசு உண்டு, அவர்கள் கொடுத்த கொசுவத்திக் கருவி போதவில்லை, நாங்களே ஒன்று வாங்கினோம். துண்டுகள் தேய்ந்தவை, ஆனால் சுத்தம். லிஃப்டில் இரண்டு பேரும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும். மின்சாரம் ஒருமுறை போனபோது ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டுமே ஓடியது. கோடையில் வந்தால் இது பெரிய குறை, மே மாதத்தில் இந்த ஹோட்டலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சனி, கடைசி நாள்

ரயில் பிற்பகல் 3.20க்கு. காலை பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக் கேட்டபோது, ஒன்றரை மணி வரை இருங்கள், அந்த அறைக்கு ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். இதற்குக் காசு கேட்கவில்லை. எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

ரசீது வந்தது. நான்கு இரவு 10,400, வரி 520, மொத்தம் 10,920. கிச்சுரிக்கும் டீக்கும் தனியாக 310. வெந்நீருக்கு ஒன்றுமில்லை. டாக்டருக்கு நான் நேரிலேயே கொடுத்திருந்தேன்.

பையன் பாட்டாலியைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் வாழைச் சருகு வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அறை முழுக்கப் புகை கலந்த வெல்ல வாசனை. கொடுத்த காசில் மிச்சம் நாற்பது ரூபாயையும் திருப்பித் தந்தான். அம்மா அதோடு இன்னும் கொஞ்சம் வைத்து அவன் சட்டைப்பையில் போட்டு, கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டார்.

இரவுக் காவலாளி காலை ஏழு மணிக்கே வேலை முடிந்து போய்விடுவார் என்பதால், அவரிடம் விடிகாலையிலேயே சொல்லிக்கொண்டோம். அம்மா பணத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குளித்துச் சாமி கும்பிடுகிறவருக்குக் கொடுத்த தண்ணீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அம்மா பெட்டியைத் திறந்து, வழியில் போர்த்திக்கொள்ள எடுத்துவந்த, இன்னும் பிரிக்காத புது கம்பளிச் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார். அதை மறுக்க அவருக்குத் தெரியவில்லை.

இப்போது ரயில் கரக்பூரைத் தாண்டிவிட்டது. பாட்டாலி மூட்டை அம்மாவின் தலைமாட்டில். சற்று முன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, அந்த ஹோட்டல் நம்பரை ஏற்றித் தரச் சொன்னார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் அடுத்த வருடம் போகப்போகிறார்களாம். என்ன பெயரில் போடட்டும் என்று கேட்டேன்.

"கல்கத்தா வெந்நீர்னு போடுப்பா. அப்பதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."